அதிகாலை மூன்று பதினேழு

வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரியில்
பதினாறு வருஷம் கேபிள் இழுத்தவன் நான்.
எந்தச் சுவருக்குள் எந்தக் கம்பி போகிறதென்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
கம்பிக்குள் என்ன போகிறதென்று
யாரும் கேட்டதில்லை,
ஸ்கேன் படங்களெல்லாம் ஒரே ராத்திரியில் பூட்டிக்கொண்டு
திரையில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிய
அந்த ஐப்பசி வரைக்கும்.

வந்தவள் செய்யதலி பாத்திமா.
மேலப்பாளையம். வயது இருபத்து நான்கு,
என் மூத்தவளைவிட ஏழு கூட.
ஹெல்மெட்டைக் கழற்றி சர்வர் மேலேயே வைத்தாள்.
யார் செய்தது யார் செய்தது என்று
நாங்கள் அலறிக்கொண்டிருக்க
அவள் என்னிடம் கேட்டது வேறு:
"சும்மா கிடக்கிற ராத்திரியில
இங்க என்னென்ன நடக்கும், அண்ணாச்சி?"

தெரியவில்லை.
பதினாறு வருஷம். தெரியவில்லை.

சொல்லித் தருவியா என்று கேட்க
மூன்று வாரம் ஆயிற்று எனக்கு.
நாற்பத்து நாலு வயசுக் கூச்சம்
எந்தப் பாஸ்வேர்டைவிடவும் கெட்டி.
அவள் சரி என்றும் சொல்லவில்லை.
முப்பதாயிரம் வரி லாக் ஒன்றை அனுப்பி,
"புரியாததை மட்டும் எழுதிட்டு வாங்க" என்றாள்.
நாற்பது பக்க நோட்டு ஒரு வாரத்தில் தீர்ந்தது.

புதன்தோறும் ஈரடுக்குப் பாலத்தின் அடியில்
டீக்கடை பெஞ்சில் லேப்டாப்.
மேலே ஏதாவது கனமாகப் போனால்
கிளாஸில் டீ நடுங்கும்.
என் கேள்விக்கு அவள் பதில்
பெரும்பாலும் இன்னொரு கேள்வி.
எரிச்சலாக வரும். வந்தது.
பேக்கப் பற்றிக் கேட்டேன் ஒருநாள்.
"குறுக்குத்துறைக்குப் போயிருக்கீயளா?"
போகாமலா.
வெள்ளத்தில் ஆறு கோயிலுக்குள் புகுந்து
கும்பிட்டுவிட்டுப் போகிற இடம்.
"தண்ணி ஏறும்போது
எதை மேலக்கோயிலுக்குத் தூக்கணும், யாரு தூக்கணும்னு
அங்க யாராவது யோசிச்சிட்டு நிப்பாங்களா?"
அவ்வளவுதான். டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.
அன்று ராத்திரி பேக்கப்பைத் திறந்து பார்த்தேன்.
பச்சை விளக்கு ஒழுங்காக எரிந்தது.
உள்ளே நாற்பது நாளாக ஒன்றுமில்லை.

அவளுக்கும் ஒருவர் உண்டாம்.
பார்த்ததில்லை, குரல்கூடக் கேட்டதில்லை.
மரங்கொத்தி என்ற பெயரில்
எங்கோ பனி பெய்கிற ஊரில்
நம் நடுச்சாமத்தில் விழித்திருக்கிற ஆள்.
"நான் தப்பா எழுதின கோடை
வரிவரியாத் திருத்தி அனுப்பினாங்க.
கடைசி வரி மட்டும் என்கிட்ட பேசிச்சு:
கோபம் வந்தா நாளைக்கு வாசி."
"வந்துச்சா?"
"ரெண்டு நாள் கழிச்சுத்தான் வாசிச்சேன்."

பங்குனியில் அது கண்ணில் பட்டது.
அதிகாலை மூன்று பதினேழு.
ஒரு கணக்கு உள்ளே வந்து
எதையும் தொடாமல் திரும்பிப் போயிருந்தது.
சும்மா கிடக்கிற ராத்திரிகள்
இப்போது எனக்கு மனப்பாடம். இது அதில் இல்லை.
நூல் பிடித்துப் போனேன்.
சோதனைக்காகத் திறந்து மூட மறந்த கணக்கு.
திறந்தவர்: செய்யதலி பாத்திமா.

மூன்று தடவை சரிபார்த்தேன்.
நான்காவது தடவை
சரிபார்ப்பதாக எனக்கே பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சுத்தி வளைக்கீய அண்ணாச்சி. எந்தக் கணக்கு?"
சொன்னேன்.
போனில் ஒரு ஆட்டோ ஹாரன்,
அப்புறம் ஒன்றுமில்லை.

வந்தாள். மூடினாள்.
நுழைந்தவன் தடத்தை விடியும்வரை தேடினோம்,
பாதிதான் கிடைத்தது.
அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில்
'நிர்வாகத் தவறு' என்று நான் அடித்ததை அழித்து
தன் முழுப்பெயரை அடித்தாள்,
ஒவ்வொரு எழுத்தாக.
கண்டுபிடித்தவர் என்ற கட்டம் வந்ததும் நிமிர்ந்தாள்.
"உங்க இனிஷியல் என்ன?"
"மு."

கேண்டீனில் இட்லி வேக
இன்னும் நேரம் இருந்தது.